சிலந்தி இழை ஏன் இன்னும் தொழிற்சாலைக்குள் நுழையவில்லை?

நீங்கள் கேட்டது இது: சிலந்தி இழை எஃகைவிட வலுவானது என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். அதற்குப் பிறகு எஃகை மிஞ்சும் மரம், காளானில் செய்த தோல், இறால் ஓட்டில் செய்த பிளாஸ்டிக் என்று வருடத்துக்கு நாலு செய்தியாவது கண்ணில் படுகிறது. ஆனால் கையில் எடுத்துப் பார்க்க ஒன்றும் கிடைப்பதில்லை. ஆராய்ச்சி செய்பவர்கள் ஊதிப் பெரிதாக்குகிறார்களா, இல்லை பெரிய கம்பெனிகள் அமுக்கிவிடுகின்றனவா? பொருளறிவியலில் மேற்படிப்புக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன், இந்தத் துறை சரிப்படுமா?

ஊதிப் பெரிதாக்குவது கொஞ்சம் உண்டு. அதுவும் பெரும்பாலும் செய்திக்குத் தலைப்பு வைப்பவரின் கைவண்ணம். கம்பெனிகள் அமுக்குகின்றன என்பதை நான் நம்பவில்லை. அமுக்க வேண்டிய அளவுக்கு அவர்கள் பக்கத்தில் இந்தப் பொருட்கள் போவதே அபூர்வம். இழைகளையும் பலகைகளையும் இழுத்து உடைத்து எண் குறித்துக்கொள்வதையே பல வருடம் பிழைப்பாகக் கொண்டவன் நான். அந்த மேசையிலிருந்து பார்த்தால் காரணம் வேறாகத் தெரிகிறது. ஆய்வுக்கூடம் ஒரு பொருளிடம் ‘உன்னால் அதிகபட்சம் எவ்வளவு முடியும்?’ என்று கேட்கிறது. தொழிற்சாலை ‘என்றைக்கு எடுத்தாலும் குறைந்தபட்சம் எவ்வளவு தருவாய்?’ என்று கேட்கிறது. முதல் கேள்விக்கு இயற்கைப் பொருட்கள் அசத்தலாகப் பதில் சொல்லும். இரண்டாவதில் திக்கும். பெரிய அளவில் உள்ளே நுழைந்த இயற்கைப் பொருளை எடுத்துப் பாருங்கள், அநேகமாக யாரோ சிலர் உட்கார்ந்து அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுதியிருப்பார்கள்.

சிலந்தியிலிருந்தே தொடங்கலாம். வலைக்குச் சட்டம்போல் நிற்கும் இழை, சுமார் 1 கிகாபாஸ்கல் (ஒரு பரப்பின்மேல் விழும் விசையின் அலகு, 1,000 மெகாபாஸ்கல்) இழுவையில் அறும். நல்ல எஃகுக் கம்பி அதைத் தாண்டிவிடும். குண்டு துளைக்காத உடுப்பில் போடும் செயற்கை இழையான கெவ்லார் 3 கிகாபாஸ்கலுக்கு மேல் தாங்கும். அப்படியானால் ‘எஃகைவிட வலு’ எங்கிருந்து வந்தது? எடையிலிருந்து. சிலந்தி இழையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.3 கிராம், எஃகுக்கு 7.8. ஒரே எடைக்கு ஒப்பிட்டால் சிலந்தி ஜெயிக்கும். அதன் உண்மையான பெருமை அறுவதற்கு முன்னால் அது விழுங்கும் ஆற்றலில் இருக்கிறது: தன் நீளத்தில் 30 சதவீதம்வரை நீண்டு கொடுத்து, கெவ்லாரைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆற்றலை உள்வாங்கிய பிறகுதான் அறும். பாய்ந்து வரும் பூச்சியை நிறுத்த வேண்டிய வலைக்கு அதுதானே தேவை. இதே இழையைக் கட்டாமல் தளர்வாக விட்டு நனைத்துப் பாருங்கள், பாதி நீளத்துக்குச் சுருங்கக்கூடும். நனைந்தால் சுருங்கும் கயிற்றை நம்பி எதைக் கட்டித் தொங்கவிடுவீர்கள்? இந்த ஒரு வரி எந்தத் தலைப்பிலும் வருவதில்லை.

சிலந்தியை வளர்த்து இழை எடுக்கும் ஆசை 300 வருடப் பழசு. 1709 வாக்கில் பிரான்சின் மோன்பெலியே நகரத்து போன் என்பவர் சிலந்தி இழையில் காலுறையும் கையுறையும் செய்து காட்டினார். பாரிஸ் அறிவியல் அகாடமி, இது தொழிலாகுமா என்று பார்க்கும்படி ரெயோமூர் என்ற அறிவியலாளரிடம் ஒப்படைத்தது. அவர் கணக்குப் போட்டுவிட்டு ஆகாது என்றார். சேர்த்து அடைத்தால் சிலந்திகள் ஒன்றையொன்று தின்றுவிடும். பட்டுப்புழுவைப்போல் கூட்டமாக வளர்க்கவே முடியாது. பிறகு 2009-இல் நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் தங்க நிறத் துணி ஒன்றைக் காட்சிக்கு வைத்தார்கள். மடகாஸ்கரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிலந்திகளைப் பிடித்து, இழை எடுத்து, திரும்பக் காட்டில் விட்டு, நான்கு வருடம் உழைத்து நெய்த ஒரே ஒரு துணி. பிரமாதமான வேலைதான். ஆனால் ரெயோமூர் போட்ட கணக்கு தப்பில்லை என்பதற்கும் அதுவே சாட்சி.

இடையில் ஆடுகளும் வந்தன. கனடாவில் நெக்சியா என்ற நிறுவனம் சிலந்தியின் மரபணுவை ஆட்டுக்குள் வைத்து, பாலில் சிலந்திப் புரதம் வரும்படி செய்தது. நம்பமுடியாததுபோல் இருந்தாலும் புரதம் உண்மையாகவே பாலில் இருந்தது. அந்தக் குழு செயற்கையாகப் பெற்ற புரதத்தை நூற்று, 2002-இல் கட்டுரையும் வெளியிட்டது. நூற்ற இழை சிலந்தியின் இழை அளவுக்கு வலுவாக இல்லை. கொஞ்ச வருடத்தில் நிறுவனமும் மூடிப்போனது. பால் கிடைத்தது, நூற்பு கிடைக்கவில்லை. சிலந்தியின் வயிற்றில் அந்தப் புரதம் கெட்டியான திரவமாக இருக்கிறது. குறுகிக்கொண்டே போகும் குழாய் வழியே வரும்போது அமிலத்தன்மை படிப்படியாக ஏறுகிறது, உப்புகள் இடம் மாறுகின்றன, தண்ணீர் பிரிகிறது. கடைசியில் சிலந்தி தன் காலாலோ உடல் எடையாலோ அதை இழுக்க, மூலக்கூறுகள் வரிசையில் படிந்து திடமாகின்றன. இத்தனையும் சாதாரண அறை வெப்பத்தில், தண்ணீரில். பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருள் வேறு, இயந்திரம் வேறு. இங்கே சிலந்தியின் குழாயும் பொருளின் ஒரு பாகம். புரதத்தை மட்டும் எடுத்துவந்தால் பாதிப் பொருள்தான் கையில் இருக்கிறது.

ஜப்பானில் ஸ்பைபர் நிறுவனம் நுண்ணுயிர்களை வைத்துப் புளிப்பேற்றும் முறையில் இந்தப் புரதத்தைத் தயாரித்து, அதில் குளிர்கால மேலங்கி ஒன்றை 2015-இல் மாதிரியாகக் காட்டியது. விற்பனைக்கு வந்தது 2019-இல், வெறும் 50 அங்கிகள். அந்த நான்கு வருடம் எதில் போனது என்று நினைக்கிறீர்கள்? நனைந்தால் சுருங்கும் குணத்தை அடக்க, அவர்கள் புரதத்தின் வடிவமைப்பையே மாற்ற வேண்டியிருந்தது. மேலே சொன்ன அதே ஒரு வரி.

இப்போது என் மேசைக்கு வாருங்கள். ஆளி இழை (லினன் துணி நெய்யும் செடி நார்) ஒன்றைச் சோதிப்பது எப்படி என்று காட்டுகிறேன். தடித்த காகிதத்தில் சின்ன ஜன்னல் வெட்டி, ஒற்றை இழையை அதன் குறுக்கே நீட்டி இரு முனையிலும் பசை வைத்து ஒட்டுவோம். காகிதத்தோடு இயந்திரத்தின் தாடைகளில் மாட்டிய பிறகு, ஜன்னலின் இரண்டு ஓரங்களையும் கத்தரிக்கோலால் நறுக்க வேண்டும். இப்போது தாடைகளுக்கு நடுவில் இருப்பது அந்த இழை மட்டும். நறுக்கும்போது கை கொஞ்சம் நடுங்கினால் இழை போயிற்று. பத்தில் இரண்டு மூன்று அங்கேயே போகும். தப்பித்ததை இழுத்தால் ஒன்று 600 மெகாபாஸ்கலில் அறும், அடுத்தது 1,100-இல், அதற்கடுத்தது 800-இல். மூன்றும் ஒரே கட்டிலிருந்து எடுத்தவை. தண்டின் நடுப்பகுதியிலிருந்து வந்ததா, நுனியிலிருந்தா. அந்த வருடம் மழை எப்படி. தண்டை ஊறப்போட்டு நாரை உரிக்கும்போது ஒரு நாள் கூடிவிட்டதா. உரித்தபோது இழை எங்காவது மடங்கியதா — எல்லாமே அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கும்.

இன்னொரு கூத்தும் உண்டு. வலுவைக் கணக்கிட, தாங்கிய விசையை இழையின் குறுக்குப் பரப்பால் வகுக்க வேண்டும். நுண்ணோக்கியில் பக்கவாட்டில் விட்டத்தை அளந்து, வட்டம் என்று வைத்துக்கொண்டு பரப்பைக் கணக்கிடுவார்கள். ஆளி இழை வட்டமே இல்லை. ஐந்தாறு முகம் கொண்ட ஒழுங்கற்ற வடிவம், நடுவில் துளை வேறு. ஆக எங்கள் எண்களில் தெரியும் ஏற்ற இறக்கத்தில் ஒரு பங்கு செடியுடையது, ஒரு பங்கு எங்களுடையது. எவ்வளவு யாருடையது என்று பிரித்துச் சொல்வதே தனி ஆராய்ச்சி.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு வடிவமைப்பாளர் எவ்வளவு கடுமையான அபராதம் போடுவார் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. கட்டுமான மரத்துக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் வலு சராசரி கிடையாது. நூறு துண்டு உடைத்தால் மிக மட்டமான ஐந்து எந்த எண்ணுக்குக் கீழே விழுமோ அந்த எண். ஒரு உதாரணத்துக்கு, தொழிற்சாலை இழை ஒன்றின் சராசரி 1,000, சிதறல் (எண்கள் சராசரியிலிருந்து விலகும் அளவு) 50 என்று வையுங்கள். இயற்கை இழையின் சராசரி 1,200, சிதறல் 300. கட்டுரையில் இரண்டாவதுதான் வென்றது. ஐந்து சதவீதக் கணக்குப் போட்டால் முதலாவது ஏறக்குறைய 918, இரண்டாவது 706. மேலே, எதற்கும் இருக்கட்டும் என்று அந்த எண்ணை இன்னும் குறைக்கும் பாதுகாப்புக் காரணி வேறு. சராசரியில் இருபது சதவீதம் முந்தியவர் வரைபட மேசைக்கு வரும்போது இருபது சதவீதத்துக்கு மேல் பின்தங்கிப்போகிறார். இதில் யாருடைய சதியும் கிடையாது.

தண்ணீர் அடுத்த தொல்லை. உலர்த்தும் அடுப்பில் நன்றாகக் காயவைத்த சணல் நாரை எடுத்துத் துல்லியத் தராசில் வைத்துவிட்டு எண்ணையே பார்த்துக்கொண்டிருங்கள். கடைசி இலக்கம் நிற்காது. உங்கள் கண் முன்னாலேயே காற்றிலிருந்து ஈரத்தைக் குடித்து எடை ஏறிக்கொண்டிருக்கும். சாதாரண அறையிலேயே தன் எடையில் பத்து சதவீதத்துக்கு அருகில் தண்ணீர் வைத்திருக்கும் பொருள் அது. அதைச் சூடான பிளாஸ்டிக்கோடு சேர்த்து அச்சில் அழுத்தினால் அந்தத் தண்ணீர் ஆவியாகிப் பலகைக்குள் குமிழ் போடும். சூட்டுக்கும் வரம்பு உண்டு: ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நார் பழுப்பாகிக் கருக ஆரம்பித்துவிடும். நைலான் 66 உருகவே 260 டிகிரி வேண்டும். எனவே பொறியாளர்கள் விரும்பும் உயர்ரகப் பிளாஸ்டிக்குகள் பல கணக்கிலேயே வராது. 165 டிகிரியில் உருகும் பாலிபுரொப்பிலீன்தான் கதி. காரின் கதவுக்கு உட்புறத்தில் துணிக்குப் பின்னால் மறைந்திருக்கும் பலகைகளில் ஆளியும் சணலும் பல வருடமாக இருக்கின்றன; இந்த உருகுநிலைப் பொருத்தமும், கண்ணாடி இழையைவிட எடை குறைவு என்பதும் அதற்குக் காரணம். உங்களுக்குத் தெரியாமலேயே அதன்மேல் கை வைத்துக்கொண்டு பயணம் செய்திருக்கக்கூடும்.

வலு மட்டும் போதுமென்றால் இந்த இழைகள் என்றைக்கோ பறந்திருக்க வேண்டும். நான் மிகைப்படுத்தவில்லை: 1930-களின் கடைசியில் இங்கிலாந்தில் டி புரூய்ன் என்பவர் ஆளி இழையையும், சூட்டில் இறுகும் செயற்கைப் பிசினான பினாலிக் பிசினையும் சேர்த்து ஒரு கலப்புப் பொருள் உருவாக்கினார். போர் வந்தால் அலுமினியம் தட்டுப்படும் என்ற பயத்தில் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் உடற்பகுதியையே அதில் சோதனைக்குச் செய்து பார்த்தார்கள். பயந்த அளவுக்கு அலுமினியப் பஞ்சம் வரவில்லை. ஆளி இழை விமானமும் வரவில்லை. கிழக்கு ஜெர்மனியில் நேர்மாறாக நடந்தது. அங்கே தகட்டு எஃகுக்கு உண்மையிலேயே பஞ்சம். பருத்திக் கழிவையும் பினாலிக் பிசினையும் சேர்த்து அழுத்திய பலகைகளை மேலுடம்பாகப் போட்டு, டிராபன்ட் காரை 1957 முதல் 1991 வரை சுமார் முப்பது லட்சம் செய்து தள்ளினார்கள். அட்டைப்பெட்டிக் கார் என்று உலகம் கேலி செய்தது. உடம்பு துருப்பிடிக்கவில்லை என்பதை அவ்வளவாக யாரும் சொல்லவில்லை. இரண்டு கதையிலும் முடிவைத் தீர்மானித்தது இழையின் தரம் கிடையாது, போட்டிப் பொருள் கிடைத்ததா இல்லையா என்பதுதான்.

ரப்பரின் கதையை யாரும் ஆராய்ச்சிக் கதையாகச் சொல்வதில்லை. எனக்கோ இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்தது அதுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செயற்கை ரப்பர் பெருகியது. அது பாலிதீன் சுற்றிய கட்டிகளாக, கையில் ஒரு விவரச் சீட்டோடு வந்தது. சீட்டில் இருந்த எண்களை நம்பி டயர்காரர் கலவை போடலாம். மரத்துப் பாலில் செய்த ரப்பரோ புகையில் உலர்த்திய தாள்களாக, பெரிய பொதிகளில் வந்தது. ரகம் பிரிப்பது கண்ணால். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நிறத்தையும் குமிழியையும் பூஞ்சையையும் பார்த்து, இது முதல் ரகம், இது மூன்றாம் ரகம் என்பார்கள். பொதிக்குள் மரப்பட்டைத் துணுக்கும் மணலும் இருக்கும், எவ்வளவு என்று பிரித்தால்தான் தெரியும். இந்தப் போக்கு நீடித்திருந்தால் இயற்கை ரப்பர் பொம்மைக்கும் செருப்புக்கும் ஒதுங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

1965-இல் மலேசியா ஒரு திட்டம் கொண்டுவந்தது: தரப்படுத்திய மலேசிய ரப்பர். ரப்பரைச் சிறு துணுக்குகளாக நொறுக்கிக் கழுவி, உலர்த்தி, செயற்கை ரப்பரைப் போலவே சிறிய கட்டிகளாக அழுத்தி, பாலிதீன் சுற்றி, ஆய்வுக்கூடச் சோதனை எண்களோடு விற்பது. அழுக்கு எவ்வளவு, எரித்தால் மிஞ்சும் சாம்பல் எவ்வளவு, நைட்ரஜன் எவ்வளவு, சூட்டில் வைத்தபின் நெகிழ்வு எவ்வளவு மிஞ்சுகிறது. ரகத்தின் பெயரிலேயே எண் ஏறியது: 5 என்றால் அழுக்கு 0.05 சதவீதத்துக்குள், 20 என்றால் 0.20 சதவீதத்துக்குள் என்ற கணக்கில். மரத்தையோ பாலையோ யாரும் மாற்றவில்லை. டயர் ஆலையின் வாசலில் கேட்கும் கேள்விக்கு, ஆலைக்காரரின் மொழியில் பதில் எழுதி ஒட்டினார்கள், அவ்வளவுதான். மற்ற நாடுகளும் அதே வழியில் வந்தன. இன்றைக்கு விமானத்தின் டயர் கிட்டத்தட்ட முழுக்க இயற்கை ரப்பர்தான். இழுபடும்போது அதன் மூலக்கூறுகள் படிகமாக அடுக்கிக்கொள்ளும். விரிசல் ஒன்று ஓடத் தொடங்கினால் அதன் முனையில்தான் இழுவிசை அதிகம், அதே இடத்தில் ரப்பர் கெட்டிப்பட்டு விரிசலை மறிக்கும். செயற்கை ரப்பர் அந்த வித்தையில் இன்னும் முழுதாகத் தேறவில்லை. இந்தத் திறமை 1965-க்கு முன்னாலும் பாலில் இருந்ததுதான் என்பதைக் கவனியுங்கள்.

மரத்துக்கும் இப்படி ஒரு சீட்டு எழுதப்பட்டது. அங்கே கேள்வி நெருப்பு. பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டும் குறுக்கடுக்கு மரப்பலகை, 1990-களில் ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் வளர்ந்தது. கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஷிக்ஹோஃபர் அதில் முக்கியமானவர். மரத்தில் மாடிக் கட்டடமா, தீப்பிடிக்காதா என்பதுதான் எல்லோர் வாயிலும். பிடிக்கும். ஆனால் தடித்த மரம் மேலே கரியாகி, அந்தக் கரியே உள்மரத்துக்குப் போர்வை ஆகிவிடும். கரி உள்நோக்கி நகரும் வேகம், ஊசியிலை மரத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 0.65 மில்லிமீட்டர் என்று அளந்து ஐரோப்பிய விதிகளில் எழுதிவைத்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு 39 மில்லிமீட்டர். அதோடு சூட்டில் வலு இழக்கும் கொஞ்சத்தையும் சேர்த்துப் பலகையைத் தடிமனாக்கினால் கணக்கு முடிந்தது. ‘மரம் எரியுமே’ என்ற பயம், கழித்துப் பார்க்கக்கூடிய எண்ணாக மாறிவிட்டது. நார்வேயில் 2019-இல் கட்டி முடித்த ம்யோஸ்டோர்னெட் மரக்கட்டடம் 85.4 மீட்டர் உயரம், 18 மாடி. 2022-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் 25 மாடி எழுந்தது. அங்கே கீழ்த்தளங்கள் கான்கிரீட், மேலே மரம். அமெரிக்காவில் பின்பற்றப்படும் மாதிரிக் கட்டட விதி 2021 பதிப்பிலிருந்து 18 மாடிவரை இவ்வகைக் கட்டடத்தை ஏற்கிறது.

இதோடு நீங்கள் படித்த ‘எஃகை மிஞ்சும் மர’த்தை ஒப்பிடுங்கள். 2018-இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் வெளிவந்தது அது. மரத்தைக் காரத்திலும் சல்ஃபைட்டிலும் வேகவைத்து மரத்தின் இழைகளைப் பிணைக்கும் லிக்னினில் ஒரு பகுதியை நீக்கி, சூட்டில் அழுத்தி, தடிமனை ஐந்தில் ஒன்றாக்கினார்கள். வலு பத்து மடங்குக்கு மேல் ஏறியது. வேலை உண்மையானது, அருமையானதும்கூட. ஆனால் இதற்குப் பெரிய அளவில் ஆலை வேண்டும், ஈரத்தில் ஊதுகிறதா என்ற பல வருடக் கணக்கு வேண்டும், தீக்கு ஒரு எண் வேண்டும், வெவ்வேறு மரத்துக்கு வெவ்வேறு அட்டவணை வேண்டும். குறுக்கடுக்குப் பலகை முதல் ஆய்விலிருந்து 18 மாடிக்கு வர ஏறக்குறைய முப்பது வருடம் எடுத்தது. இதற்குக் குறுக்குவழி இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சில பொருட்கள் முன்வாசலில் நிற்காமல் சின்ன ஜன்னல் வழியாக நுழைந்துவிடுகின்றன. நானோசெல்லுலோஸ் அப்படிப்பட்டது. மரக்கூழைப் பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் வரும் சில நானோமீட்டர் தடிமன் இழை அது. 1980-களின் தொடக்கத்திலேயே செய்துவிட்டார்கள். ஒரு டன் பிரிக்க 25,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் தின்றது, மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். 2006 வாக்கில் டோக்கியோவில் இசோகாய், சைட்டோ குழு, இழையின் மேற்பரப்பில் மின்னூட்டம் ஏற்றும் ஒரு வேதிமுறையைக் கண்டது. இழைகள் ஒன்றையொன்று தாமே தள்ளிக்கொள்ள, லேசாகக் கலக்கினாலே பிரிந்துவிடுகின்றன. உடனே கார், விமானம் என்று பேச்சு கிளம்பியது. நடைமுறைச் சிக்கல் என்னவென்றால், இந்தச் சரக்கு வருவது இரண்டு சதவீதக் கூழாக. நூறு கிலோ அனுப்பினால் 98 கிலோ தண்ணீருக்கு லாரி வாடகை. உலர்த்தி அனுப்பலாமே என்றால், உலரும்போது இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரியாது.

அப்படியானால் தண்ணீர் எங்கே தொல்லையில்லை? பேனா மையில். 2015 வாக்கில் மிட்சுபிஷி பென்சில் நிறுவனம் தன் யூனிபால் சிக்னோ 307 ஜெல் பேனாவின் மையில் இதைச் சேர்த்தது. ஜெல் மை சும்மா இருக்கும்போது கெட்டியாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் முனையில் சொட்டும். எழுதும்போது குண்டு உருளும் அந்தக் கணத்தில் தண்ணீராக இளக வேண்டும், இல்லாவிட்டால் கோடு விட்டுவிட்டு வரும். நானோசெல்லுலோஸ் கூழின் இயல்பே அதுதான். அரசாங்கங்கள் எஃகுக்கு மாற்று என்று பணம் போட்ட பொருள், பேனா மைக்குக் கெட்டிப்பு தந்துகொண்டிருக்கிறது. சிலருக்கு இது சறுக்கலாகத் தெரியும். எனக்கு இது நல்ல தொடக்கம். ஆலை நிற்காமல் ஓட ஒரு வாடிக்கையாளர் கிடைத்துவிட்டார். பேனா உடைந்தாலும் யாரும் சாவதில்லை.

மருத்துவத்திலும் இதே வசதி. இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசன் ரத்தத்தை உறையவைக்கும். அதில் செய்த கட்டுத்துணி 2000-களின் தொடக்கத்திலேயே அமெரிக்க ராணுவத்துக்குப் போனது. கிராம் கணக்கில் விற்று டன் விலை வாங்கலாம் என்பதால், ஓடு ஓடாகச் சோதித்துத் தரம் பிரிக்கும் செலவு கட்டுபடியாகிறது. அதே கைட்டோசனில் சாமான் பை செய்யப் போனால் கட்டாது. ‘இறால் ஓட்டு பிளாஸ்டிக்’ செய்தி அதற்கு மேல் நகராமல் இருப்பதன் காரணம் ஏறக்குறைய இதுதான்.

இயந்திரத்தையும் மறந்துவிடாதீர்கள். பிரேசிலில் பிராஸ்கெம் நிறுவனம் 2010-இல் கரும்பு எத்தனாலிலிருந்து வருடத்துக்கு 2 லட்சம் டன் பாலிதீன் செய்யும் ஆலையைத் திறந்தது. மூலக்கூறு சாதாரண பாலிதீனேதான். வாங்குபவர் தன் இயந்திரத்தில் ஒரு திருகைக்கூடத் திருப்ப வேண்டாம். மக்காது என்ற குறை அப்படியே இருக்கிறது, ஆனால் விற்றது. சோள மாவிலிருந்து வரும் பாலிலாக்டிக் அமிலம் 60 டிகிரியை எட்டும் முன்பே இளகிவிடும். சூடான பானத்துக்கு அதற்கென்று தனியாகப் பக்குவம் செய்ய வேண்டும். காளான் இழைகளைப் பயிர்க்கழிவில் படரவிட்டுச் செய்யும் பொதிப்பொருள் அச்சுக்குள் வளரச் சில நாட்கள் ஆகும். தெர்மாகோல் அச்சிலிருந்து நிமிடக் கணக்கில் விழும். அதே அளவு உற்பத்திக்கு எத்தனை மடங்கு அச்சும் இடமும் வேண்டும் என்று நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். காளான் ‘தோல்’ செய்துவந்த போல்ட் திரெட்ஸ் நிறுவனம் 2023-இல் அந்த உற்பத்தியை நிறுத்திவைத்தது. அது மோசமான பொருளாக இருந்ததால் நின்றது என்று நான் நினைக்கவில்லை.

பொருளை விட்டுவிட்டு உத்தியை மட்டும் எடுத்துக்கொண்டவர்களுக்குப் பாதை சுலபம். நாய் ரோமத்தில் ஒட்டிய முள்காயைப் பார்த்து 1941-இல் யோசித்த சுவிஸ் பொறியாளர் டி மெஸ்ட்ரால், வெல்க்ரோ ஒட்டுப்பட்டையை நைலானில் செய்தார். தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததன் காரணத்தைத் தாவரவியலாளர் பார்ட்லாட் 1997-இல் விளக்கமாக எழுதினார். 1999-இல் அந்த உத்தியில் சுவர்ச் சாயம் கடைக்கு வந்துவிட்டது. சாயம் செய்யும் ஆலை, டப்பா, தூரிகை எல்லாம் ஏற்கெனவே இருந்தன. இருந்தாலும் இலைகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அவர் பார்க்கத் தொடங்கியது 1970-களில்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். தாராளமாகச் சேருங்கள். ஆனால் இன்னொரு ‘உலகின் வலுவான’ பொருளைத் தேடிப் போகாதீர்கள், அந்தப் பக்கம் கூட்டம் அதிகம். நூற்பு, உலர்த்தல், தரம் பிரித்தல், நீண்டகால ஈரச் சோதனை ஆகிய பக்கங்களில் ஆளே இல்லை. ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்கும் முன் அவர்கள் கட்டுரையில் சோதனைத் துண்டின் அளவைப் பாருங்கள். விரல் நகம் அளவா, கை அளவா, கதவு அளவா என்று. ஈரத்தில் உடைத்திருக்கிறார்களா, எத்தனை துண்டு உடைத்தார்கள், சிதறலைச் சொல்லியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஐந்து துண்டு உடைத்துவிட்டுச் சராசரி மட்டும் கொடுத்திருந்தால், நேர்காணலில் மற்ற எண்களைப் பற்றிக் கேளுங்கள். நெளிகிறார்களா, ஆர்வமாக நோட்டைத் திறந்து காட்டுகிறார்களா என்பதிலேயே நிறையத் தெரிந்துவிடும்.

ஒரு பொருளைச் சொல் என்றால் மூங்கிலைச் சொல்வேன். 1999 நிலநடுக்கத்தில் கொலம்பியாவின் அர்மேனியா பகுதியில், மூங்கிலும் சாந்துப் பூச்சும் கொண்டு ஒழுங்காகக் கட்டிய பழைய வகை வீடுகள் பல நின்றதைப் பொறியாளர்கள் கவனித்தார்கள். 2010-இல் அந்நாட்டுக் கட்டட விதியில் குவாடுவா மூங்கிலுக்குத் தனிப் பகுதியே வந்தது. சர்வதேசத் தர அமைப்பு மூங்கிலுக்கான சோதனை முறையையும் வடிவமைப்பு விதியையும் 2004-இல் வெளியிட்டது, தரம் பிரிக்கும் முறையை 2018-இல். பழையவற்றை 2019-இலும் 2021-இலும் திருத்தியது. அடியில் பருத்து நுனியில் சிறுக்கும், உள்ளே வெற்றிடம், இரண்டு கணு ஒரே இடைவெளியில் இருக்காது, போல்ட் போட்டால் நீளவாக்கில் பிளக்கும். இப்படிப்பட்ட கழியை எப்படி அளப்பது, எதை ஒதுக்குவது என்று ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். உலகில் மூங்கில் வகை ஆயிரத்துக்கு மேல். அட்டவணை போடும் அளவுக்கு உடைத்துப் பார்த்தவை அதில் கொஞ்சம்தான்.